ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்

என் மருமகள் இரண்டாம் முறையும் அந்தத் தேர்வில் தோற்றதற்குக் காரணம் நான். இதைப் பல விதமாகச் சுற்றி எழுதிப் பார்த்தேன். சுற்றும்போதெல்லாம் பழியில் ஒரு பங்கு மெல்ல அவள் பக்கம் போய்விடுகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்தவள். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். தேறினால்தான் ஆஸ்பத்திரியில் பயிற்சி, பதிவு, வைத்தியம் எல்லாம். தேறாதவரை அத்தனை வருடப் படிப்பும் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம்தான். ஊருக்குத் திரும்பியதும் ஒரு முறை எழுதி, கொஞ்ச மதிப்பெண்ணில் விட்டுவிட்டாள். அதற்குள் என் மகனுக்கு அவளைப் பேசி முடித்தோம். பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் விவசாயக் குடும்பம், தெரிந்த சனம்.

கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடச் சொன்னவனும் நான்தான். "தேறுன பெறகு போட்டுக்கலாமேன்னு பிள்ள சொல்லுது" என்று அவளுடைய அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "எப்படியும் தேறப்போற பிள்ளதான, சம்பந்தி" என்று சொல்லி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பத்திரிகை எங்கள் ஊர் போடி முழுக்கப் போயிற்று. அவள் தேறவேண்டிய அவசரம் அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேதியியலில் முதுகலை படித்தவன். ஒரு கல்லூரியில் சிறிது காலம் பாடம் நடத்தினேன். அப்பா படுத்த பிறகு குடும்பத்தின் ஏலக்காய் வியாபாரத்துக்கு வந்து, அதிலேயே முடி நரைத்தது. மலையிலிருந்து இறங்கி வருகிற காயை லாட்டு லாட்டாக, அதாவது குவியல் குவியலாக, ஏலத்தில் எடுத்து, தரம் பிரித்து, வடக்கே அனுப்புகிற தொழில். இப்போது நடையைக் குறைத்துக்கொண்டேன் என்றாலும் ஏல நாளில் கூடத்துக்குப் போகாமல் இருக்க முடிவதில்லை.

மகனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்குப் பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க இரைச்சல். போடியில் எங்கள் மாடி அறை சும்மா கிடந்தது. "பரீட்சை வரைக்கும் இங்க வந்து இருக்கட்டும்" என்று நான்தான் கூப்பிட்டேன். வந்தாள். சன்னலைத் திறந்தால் மலை தெரிகிற அறை அது. ஆடிக் காற்றில் சன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டு படித்தாள்.

படிப்பு என்றால் முக்கியமாகக் கேள்விகள். கைப்பேசியில் பணம் கட்டி வாங்கிய ஒரு கேள்வி வங்கி வைத்திருந்தாள். ஆயிரக்கணக்கில் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஒன்று சரி. தொட்டதும் சரியா தப்பா என்று காட்டும், கீழே விளக்கம் வரும். அதோடு முழுத் தேர்வு போலவே மணிக்கணக்கில் எழுதிப் பார்க்கிற மாதிரித் தேர்வுகள் சிலவும் இருந்தன. அவற்றை அவள் திறக்கவே இல்லை. "கடைசி மாசத்துக்கு வச்சிருக்கேன் மாமா" என்று முதல் நாளே சொன்னாள்.

அவள் படிக்கிற விதம் எனக்குப் பிடிபடவில்லை. காபி கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போவேன்.

"எத்தன முடிச்சம்மா?"

"எட்டு மாமா."

"காலையில இருந்தா?"

"ஆமா மாமா."

எட்டாவது கேள்வியைக் காட்டச் சொன்னேன். வயலில் வேலை செய்கிற நடுவயது ஆள், சில நாளாகக் காய்ச்சல், கண் சிவந்திருக்கிறது, கெண்டைக்காலைத் தொட்டால் வலி, பிறகு மஞ்சள் காமாலை. என்ன நோய்? எலிக்காய்ச்சல் என்று சரியாகத் தொட்டிருந்தாள். விளக்கமும் படித்தாயிற்று. ஆனால் அந்தக் கேள்வியை விடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரியாத்தான போட்டிருக்க, இன்னும் என்னத்தப் பாக்குற?"

"மத்த மூணும் ஏன் இல்லைன்னு பாக்குறேன் மாமா. இந்த ஆளுக்குக் கால்ல வலி இல்லாம, கூட இருக்கிற நாலு பேருக்கும் காமாலைன்னு கேள்வியில இருந்தா, விடை வேறயாப் போயிரும். எதை மாத்துனா எது விடையாகும்னு பாத்து வச்சுக்கிட்டா, இது ஒரு கேள்வியில்ல, நாலு கேள்வி."

அப்போது என் மனைவி காய்ந்த துணிகளோடு மாடிக்கு வந்தாள். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அவளுக்கு ஒரே கவலை.

"அந்த ஆளு பொழச்சானா?"

"அத்தை, இது சும்மா கேள்வி அத்தை."

"கேள்வின்னாலும் பிள்ளகுட்டிக்காரனா இருப்பான்ல. மருந்து குடுத்தியா?"

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தேர்வில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் என்று எனக்குத் தெரியும். இவள் ஒரு கேள்விக்கு அரைமணி எடுக்கிறாள். இந்த நடையில் போனால் அந்த வங்கியில் பாதியைக்கூடத் தேர்வுக்கு முன் பார்க்க முடியாது. சரக்கு முழுவதும் கண்ணில் படாமலே ஏலம் முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. எதையும் என் தொழிலை வைத்தே நினைத்துப் பழகியவன்.

அன்று சாயங்காலம் அவளைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

"ஏலத்துல ஒரு லாட்டு திரையில வந்து போற நேரம் தெரியுமா ஆத்தா? ஒரு நிமிசம்கூட இல்ல. அதுக்குள்ள வேணுமா வேணாமா, எம்புட்டு வரைக்கும் போகலாம், எல்லாம் முடிவு பண்ணணும். மொத தடவ மனசு என்ன சொல்லுதோ அதான் சரி. ரெண்டாவது தடவ யோசிச்ச லாட்டுலதான் நான் ஏமாந்திருக்கேன். உனக்குச் சரக்கு இருக்கு, வேகம் இல்ல. போன தடவ அதுலதான் போச்சு."

போன தடவை எதனால் போயிற்று என்று நான் அவளைக் கேட்டதே இல்லை.

"சரி மாமா" என்றாள்.

சரி மாமா என்பது சம்மதமா, மரியாதையா என்று விசாரிக்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை.

மறுநாளிலிருந்து படிப்பு கூடத்துக்கு இறங்கி வந்தது. அவள் ஒரு நாற்காலியில், நான் எதிரே. என் கைப்பேசியில் நிமிடம் ஓடும். "அடுத்தது" என்று நான் சொல்வேன். விளக்கம் படிக்கக் கூடாது. தப்பாகப் போனால் போகட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் வந்தால் இன்னொரு சுற்று ஓட்டலாம் என்று எனக்குத் தோன்றும். பிறகு ஒரு நிமிடத்தை முக்கால் நிமிடமாகக் குறைத்தேன். இங்கே முக்கால் நிமிடத்தில் பழகினால் அங்கே ஒரு நிமிடம் தாராளமாக இருக்கும் என்பது என் யோசனை. அதை நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

"என்னங்க இது, பிள்ளைய ஏலம் விடுறீங்களா?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"உனக்கு இது வெளங்காது. சும்மா இரு."

"வெளங்கல. பிள்ள மூஞ்சி மட்டும் வெளங்குது."

முதல் வாரம் மதிப்பெண் சரிந்தது. அடுத்து நிதானித்தது. மொத்த வங்கியும் நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே தீர்ந்தது. தீர்ந்ததும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். அந்தச் செயலியில் அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. இரண்டாம் சுற்றில் மதிப்பெண் ஏறத் தொடங்கியது. நாள்தோறும் ஏறிற்று. கெண்டைக்கால் என்ற சொல் திரையில் வந்ததும், முழுக் கேள்வியும் படிப்பதற்கு முன்பே அவள் விரல் எலிக்காய்ச்சலைத் தொட்டுவிடும். சரி என்று பச்சையாகக் காட்டும். எனக்கு அந்தப் பச்சை நிறம் மிகவும் பிடித்திருந்தது.

ஏலக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரர்களிடம் சொன்னேன். ஒருவர், வயதில் என்னைவிடச் சின்னவர், கேலிக்காரர், "அண்ணே, மருமகளுக்கும் ஏலம்தானா? பாத்துண்ணே, ஊசி போடுறப்ப ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்லிறப்போகுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

ஒரு நாள் மதியம் அவள் சொல்லத்தான் செய்தாள். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கப் போனவள், நின்றாள்.

"மாமா, இப்ப வர்ற மார்க்கு நெசமில்ல."

"ஏன்?"

"எனக்குக் கேள்வி ஞாபகம் இருக்கு. விசயம் தெரிஞ்சு போடல. படம் மாதிரி ஞாபகத்துல நிக்குது, தொடுறேன்."

"ஞாபகம் இருந்தா நல்லதுதான? பரீட்சைன்னாலே ஞாபகம்தான?"

"அங்க இதே கேள்வி வராது மாமா."

பதில் இல்லாத நேரத்தில் வயதானவர்கள் செய்வதைச் செய்தேன். குரலை உயர்த்தாமல் கொஞ்சம் கறாராக்கிக்கொண்டேன். "சந்தேகமா இருந்தா அந்த மாதிரித் தேர்வ எடுத்து எழுதிப் பாத்துருவோம். புதுசுதான அது? தெரிஞ்சுபோகும்" என்றேன்.

அவள் கடைசி மாதத்துக்கென்று மூடி வைத்திருந்தவை அவை. வேண்டாம் என்றாள். ஒன்று மட்டும் எழுதுகிறேன் என்றாள். ஒன்றை எழுதினாள். மதிப்பெண் குறைவாக வந்தது. அப்போது நான் அந்த மதிப்பெண்ணின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் பழக்கக் குறைவு என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்தவற்றையும் அதே வாரத்தில் எழுத வைத்தேன். அடுத்த வாரம் அவற்றையே திரும்ப எழுத வைத்தேன். திரும்ப எழுதியபோது மதிப்பெண் பிரமாதமாக வந்தது. மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பார்த்திராத கேள்வி ஒன்றுகூட இல்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்க்க வழியே இல்லாமல் செய்துவிட்டேன். தேர்வுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

தேர்வு மதுரையில். நானே காரில் கூட்டிப் போனேன். காலையில் ஒரு பாதி, மதியம் ஒரு பாதி. இடைவேளையில் வெளியே வந்தாள். தயிர்ச்சாதத்தை இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"நேரம் பத்துச்சா?"

"மிச்சம் இருந்துச்சு மாமா."

"பாத்தியா!"

அவள் தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு கேள்வி கெண்டைக்கால் வலின்னு ஆரம்பிச்சுச்சு. தொட்டுட்டேன். அடுத்த கேள்விக்குப் போனப்பெறகுதான், அது நோயக் கேக்கலியோன்னு தோணுச்சு. திரும்பிப் போய்ப் பாத்தா, இந்த ஆளுக்கு எதைக் குடுக்கக் கூடாதுன்னு கேட்டிருக்கு. அதைத் திருத்திட்டேன். இதே மாதிரி எத்தனையைத் தொட்டேன்னு தெரியல."

"மதியம் பாத்துக்கலாம்" என்றேன்.

முடிவு வந்த அன்று அவள் தானே பார்த்துவிட்டு, மாடியிலிருந்து இறங்கி வந்து, "இல்ல மாமா" என்றாள். முதல் முறையைவிட அதிக மதிப்பெண் வித்தியாசத்தில் விட்டிருந்தாள். என் மனைவி அவளைப் பிடித்து உட்காரவைத்துத் தலையைத் தடவினாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். அதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், அன்று நான் செய்தது அது ஒன்றுதான்.

இதோடு நின்றிருந்தால் இது தவறான யோசனை என்ற அளவில் போயிருக்கும். நிற்கவில்லை.

அந்த மாதமே ராசிங்காபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வளைகாப்பு. பத்திரிகையில் டாக்டர் என்று படித்தவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். பங்காளி முறையில் எனக்கு அண்ணன் ஒருவர், அந்த ஊர்க்காரர், எதையும் நடுக்கூடத்தில் கேட்கிற ஆள், கேட்டார்:

"என்னப்பா, மருமக டாக்டரம்மா பாஸாயிருச்சா?"

"இந்தத் தடவ இல்லண்ணே."

"நீதான் கூடவே உக்காந்து சொல்லிக்குடுத்தியாம்ல?"

"நான் என்னண்ணே செய்யிறது. பிள்ளைக்குப் பொறுமை பத்தல. கேள்விய முழுசாப் படிக்காம வெரசா வெரசாப் போட்டுட்டு, நேரத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டு உக்காந்திருக்கு."

எல்லாம் உண்மையான வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பொய் இல்லை. அவள் எனக்குப் பின்னால் வாசற்படி ஓரமாக வளையல் தட்டோடு நின்றிருந்தாள் என்பதைத் திரும்பியபோதுதான் பார்த்தேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனாள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் என் மனைவி, "வண்டிய நிறுத்துங்க, நான் நடந்து வர்றேன்" என்றாள். நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து என் மனைவி தன் முடிவைச் சொன்னாள். குரங்கணியில் அவளுடைய தம்பிக்குக் காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு சின்ன வீடு இருக்கிறது. அறுவடை நேரம் தவிர யாரும் இருப்பதில்லை. அடுத்த தேர்வு வரை மருமகளோடு அங்கே போய் இருக்கப்போகிறாள்.

"இங்க என்ன கொறச்சல்?"

"இங்க நீங்க இருக்கீங்க."

"எனக்குச் சோறு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ்சு இருக்கு. வெரசாப் போனீங்கன்னா கூட்டம் இருக்காது."

ஜீப்பில் மூட்டை முடிச்சோடு ஏறிப் போனார்கள். புதிதாக வேறொரு கேள்வி வங்கி வாங்கிக்கொள்ளச் சொல்லி மகன் பணம் அனுப்பினான் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நான் செய்தது என்ன என்பது எனக்கு முழுதாக விளங்கியது ஏலக்கூடத்தில்தான். அன்றும் வழக்கம்போல் சீக்கிரம் போய், மேசைக்கு வந்திருந்த சாம்பிள் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பருமன், நிறம், உலர்ந்த பக்குவம், ஒரு காயை உடைத்து உள்ளே அரிசி என்று நாங்கள் சொல்கிற விதை கறுத்திருக்கிறதா என்று. அன்றைக்கு ஒரு லாட்டின் பை மட்டும் என் மேசைக்கு வந்து சேரவில்லை. எங்கேயோ மாறிப் போயிருந்தது. ஏலம் தொடங்கி அந்த லாட்டு திரையில் வந்தது. விலை ஏறிக்கொண்டே போயிற்று. என் விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தத் தெரியவில்லை. என்ன காய், எந்த மலைச் சரக்கு, ஈரமா உலர்வா, ஒன்றும் தெரியாது. லாட்டு போய்விட்டது.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார் அந்தக் கேலிக்காரர்.

"சாம்பிள் பாக்கல."

"பாக்காம எப்படிண்ணே கேக்குறது? விடுங்க."

அவர் எனக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. அந்தக் கூடத்தில் இருக்கிற எவருக்கும் தெரிந்ததுதான் அது. எனக்கும் எப்போதும் தெரிந்ததுதான். ஒரு நிமிடத்தில் முடிவு செய்கிறேன் என்று நான் பெருமையடித்துக்கொண்டது, காலையெல்லாம் குனிந்து உட்கார்ந்து பார்த்த பார்வையின் கடைசி நிமிடம். அவள் மாடியில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அரைமணி இருந்தது அந்தக் காலைப் பார்வை. அதை நான் பிடுங்கிவிட்டு, கடைசி நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்திருக்கிறேன். எனக்கு விளங்காமல் இருந்தது என்று சொல்ல முடியாது. பத்திரிகையில் போட்டுவிட்ட ஒரு சொல்லுக்கு நான் ஓடிக்கொண்டிருந்தேன், அவளையும் ஓடவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்கு ஜீப் ஏறினேன். முந்தின நாள் மழையில் பாதை சேறாகக் கிடந்தது. வீட்டு வாசலில் என் மனைவி மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "உக்காருங்க, கூப்புடாதீங்க. பிள்ள நடந்துக்கிட்டிருக்கு" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு தடம். அதில் மருமகள் கைப்பேசியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள், தனக்குத்தானே பேசிக்கொண்டாள். நின்றாள். திரும்ப நடந்தாள். அங்கே வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. சாலை வளைவு வரை போய் அன்றைக்குத் தேவையான கேள்விகளை இறக்கிக்கொண்டு வருவாளாம். அவ்வளவுதான் அன்றைய படிப்பு. கடைசி வாரங்களில் மட்டும் நேரம் வைத்து எழுதப்போகிறாள். மாதிரித் தேர்வுகள் அப்போதுதான்.

அவள் வந்து, "வாங்க மாமா" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நான் சொன்ன நடை தப்பு. மாதிரித் தேர்வத் திறக்க வச்சது அதைவிடத் தப்பு. ராசிங்காபுரத்துல பேசினது..."

அவள் காத்திருந்தாள். எனக்காக அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுக்கவில்லை.

"அதுவும் தப்பு" என்றேன்.

"எனக்கும் தெரியும் மாமா. நானும் முடிவா வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்ல வரல" என்றாள். பிறகு, "என்கிட்டச் சொல்றீங்க. அன்னைக்கு அங்க இருந்தவங்ககிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். அவள் தலையசைத்துவிட்டுத் தடத்துக்குத் திரும்பிப் போனாள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ராசிங்காபுரத்துக்கும் போகவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஏறி இதைச் சொல்வது எப்படி என்று தோன்றிற்று. விசேஷம் ஏதாவது வரட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். தள்ளிப் போட்டதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவள் மூன்றாம் முறை எழுதினாள். இந்தத் தடவை மதுரைக்கு அவளுடைய அப்பா கூட்டிப் போனார். தேதிகூட அவள் எழுதி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தேறினாள். நல்ல மதிப்பெண். மகன் போனில் சொன்னான்.

தேவாரத்தில் அவளுடைய அப்பா ஒரு கறிவிருந்து வைத்தார். இரண்டு பக்கத்துச் சனமும் வந்திருந்தது. ராசிங்காபுரத்து அண்ணனும் வந்திருந்தார். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் இவன் போட்ட போடுதான். கூடவே உக்காந்து, கடிகாரத்தக் கையில வச்சுக்கிட்டு படிக்க வச்சான்ல. மாமனார்னா இப்படி இருக்கணும்."

சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். என் சம்பந்தி, பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப் போனவர், கறிவாளியோடு நின்று, அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். தோற்றபோது பழியை அவளுக்குக் கொடுத்தேன். இப்போது தேறியதற்கான பெயர் என் இலைக்கு வந்துகொண்டிருந்தது.

"இல்லண்ணே" என்றேன். "போன தடவ அந்தப் பிள்ள தோத்ததே என்னாலதான். நான்தான் வெரசாப் போடு, வெரசாப் போடுன்னு கெடுத்தேன். இந்தத் தடவ என்னைய விட்டுத் தள்ளிப் போய்ப் படிச்சுத் தேறியிருக்கு. அன்னைக்கு உங்க ஊர்ல பிள்ளைக்குப் பொறுமை இல்லைன்னு நான் சொன்னது பொய்."

அண்ணன் பெரிதாகச் சிரித்தார். "பாத்தீங்களாய்யா, தன்னடக்கத்த! படிச்ச மனுசன்னா படிச்ச மனுசன்தான். செய்யிறதெல்லாம் செஞ்சுட்டு, நான் ஒண்ணும் செய்யலங்கிறான்."

"அப்படி இல்லண்ணே, நெசமாத்தான்..."

"சரிப்பா சரி, சாப்பிடு."

பந்தி முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. நான் வாயைத் திறக்கத் திறக்க என் மதிப்பு கூடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லி அதற்கும் பெயர் வாங்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மருமகள் ரசச் செம்போடு அந்த வரிசையில் வந்துகொண்டிருந்தாள். அண்ணன் இலைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மாமா சொல்றது நெசம்தான் பெரிய மாமா. போன தடவ அவரு சொல்லித்தான் நான் வெரசாப் போட்டேன். அவசரக்காரின்னு உங்ககிட்டச் சொன்னதும் அவருதான். நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

குரலில் கோபம் இல்லை. ஒரு விடை ஏன் சரியில்லை என்று விளக்குகிற குரல். சிரிப்பு நின்றுபோயிற்று. அண்ணன் சோற்றைப் பிசைவதை விட்டு அவளைப் பார்த்தார்; பிறகு என்னை.

"சரி விடு ஆத்தா. அதான் தேறிட்டேல்ல."

"தேறிட்டேன் பெரிய மாமா. அதனாலதான் இப்பச் சொல்ல முடியுது."

அவருக்கு ரசம் ஊற்றினாள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு என் சம்பந்தி நின்ற இடத்திலேயே நின்றார். இதுவரை இதெல்லாம் அவருக்குத் தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எல்லோரும் நான் எதையாவது சொல்லி இதை இலேசாக்கிவிடுவேன் என்று காத்திருந்தார்கள். நான் அவரைப் பார்த்து, "ஆமா சம்பந்தி, அப்படித்தான் நடந்துச்சு" என்றேன்.